குப்பையின் சூடு எவ்வளவு? ஒரு கணக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். ரிட்டயர் ஆன பாங்க் குமாஸ்தாவிடம் மைக்கைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடியாது என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் டிபனைப் பேச்சுக்குப் பிறகு வைத்திருக்கிறார்.

போன கூட்டத்தில் ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று வீட்டுக்கு இரண்டு பக்கெட் வைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, பி பிளாக் நண்பர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சார், இனிமே எல்லாக் குப்பையையும் கொளுத்திக் கரண்ட் எடுக்கப் போறாங்களாம். எப்படியும் எரியப் போறதை நாம எதுக்கு மெனக்கெட்டுப் பிரிக்கணும்?" பலர் தலையாட்டினார்கள். பதில் வராமலே தீர்மானம் தள்ளிப் போயிற்று.

அது நியாயமான கேள்வி. சென்னை மாநகராட்சி கொடுங்கையூரில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டத் திட்டமிட்டதையும், 2025-ல் அந்தப் பகுதி மக்கள் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததையும் பேப்பரில் படித்திருப்பீர்கள். நாம் ஆவடி மாநகராட்சி; அந்த ஆலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் இன்று போகவில்லை. நான் எடுத்துக்கொண்டது அதற்கு முந்தைய ஒரு சின்ன விஷயம். நம் வீட்டுக் குப்பை எரியுமா? எரிந்தால் எவ்வளவு சூடு தரும்? அதை எரித்துப் பார்க்காமலே, உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட முடியும். நான் பி.காம். படித்தவன், ரசாயனம் என் பாடமல்ல. ஆனால் இது கிட்டத்தட்ட பற்று வரவுக் கணக்குதான்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது செங்குன்றம் பக்கத்துக் கிளையில் வேலை பார்த்தபோது. அங்கே அரிசி ஆலைகள் அதிகம். நெல்லை வேகவைக்க பாய்லர், பாய்லருக்கு உமி. கடன் விண்ணப்பத்தோடு வரும் திட்ட அறிக்கையில் "உமியின் வெப்ப மதிப்பு" என்று ஒரு வரி இருக்கும். கிலோவுக்கு 3,000 முதல் 3,500 கிலோ கலோரி வரை ஏதாவது ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த ஓர் எண்ணை நம்பித்தான் மாதத்துக்கு எத்தனை லோடு உமி வேண்டும், எவ்வளவு செலவு, தவணை கட்ட எவ்வளவு மிஞ்சும் என்ற மொத்தக் கணக்கும் நிற்கும். ஒரு மில் முதலாளியிடம், "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். அவர் குவியலில் இருந்து ஒரு கை உமியை அள்ளி என் உள்ளங்கையில் போட்டு, "மூடிப் பாருங்க. கையில ஒட்டுதா? ஒட்டினா உங்க பேப்பர்ல இருக்கிற கணக்கு எல்லாம் அடிச்சுட்டு எழுதணும்" என்றார். அவர் சொன்னதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அளவு. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருக்கிறதே, அதே கலோரிதான். நம் உடம்பும் ஒரு பாய்லர்தானே.

ஒரு பொருளின் சூட்டை நேரடியாக அளக்கக் கருவி இருக்கிறது. "பாம் கலோரிமீட்டர்" என்பார்கள். கெட்டியான எஃகுக் குடுவைக்குள் ஒரு கிராம் அளவு பொருளை வைத்து, ஆக்ஸிஜனை அழுத்தி நிரப்பி, மின்பொறியால் கொளுத்தி, சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று பார்ப்பது. நிலக்கரிக்கு இது சரி. பொடியாக்கிக் கலந்தால் ஒரு கிராம் ஒரு டன்னுக்குச் சாட்சி சொல்லும். குப்பைக்கு? நம் குப்பை வண்டியிலிருந்து எந்த ஒரு கிராமை எடுப்பது? வாழைப்பழத் தோலா, பால் கவரா, தேங்காய் நாரா, டயபரா? எதை எடுத்தாலும் மற்றதற்கு அது சாட்சியாகாது. அதனால்தான் குப்பை விஷயத்தில் பெரிய குவியலைக் கிளறிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்துக்கொண்டு, மறுபடி கலந்து நான்காக்கி, இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கிடைப்பதைக் கையால் தரம் பிரித்து எடை போடுகிறார்கள். பிறகு கணக்கு.

அந்தக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டூலாங் என்ற பிரெஞ்சுக்காரர். 1785-ல் பிறந்து 1838-ல் இறந்தவர். ஒரு வெடி ரசாயனத்தை ஆராயப் போய் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்த மனிதர். அவர் பெயரில் வழங்கும் சூத்திரம் எளிமையானது. எரிபொருளில் சூடு தரும் சரக்கு மூன்று. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 8,080 கிலோ கலோரி. ஒரு கிலோ ஹைட்ரஜன் 34,500. ஒரு கிலோ கந்தகம் 2,240. எது எத்தனை சதவீதம் இருக்கிறதோ அதால் பெருக்கிக் கூட்டினால் மொத்த வெப்பம். கந்தகம் நம் வீட்டுக் குப்பையில் சொற்பம், விட்டுவிடலாம்.

இதில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. அதைப் படித்தபோது, அட, நம் லெட்ஜர் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். எரிபொருளுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருந்தால், அது கொஞ்சம் ஹைட்ரஜனை ஏற்கெனவே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று டூலாங் எடுத்துக்கொள்கிறார். எட்டுப் பங்கு ஆக்ஸிஜனுக்கு ஒரு பங்கு ஹைட்ரஜன்; தண்ணீரில் இருக்கும் எடை விகிதம் அது. அந்த ஹைட்ரஜன் பேரளவில் கணக்கில் இருக்கும், எடுத்துச் செலவு செய்ய முடியாது. பாங்கில் "லியன்" போட்ட டெபாசிட் மாதிரி. பாஸ்புக்கில் தொகை தெரியும். கவுண்டரில் கேட்டால் கிடைக்காது. ஆகவே ஹைட்ரஜனிலிருந்து ஆக்ஸிஜனின் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் 34,500-ஆல் பெருக்க வேண்டும்.

காகிதத்தையும் பருத்தித் துணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெரும்பாலும் செல்லுலோஸ். அதில் கார்பன் 44.4 சதவீதம், ஹைட்ரஜன் 6.2, ஆக்ஸிஜன் 49.4. ஆக்ஸிஜனை எட்டால் வகுத்தால் 6.2. ஹைட்ரஜன் முழுவதும் லியனில் போய்விட்டது! மிச்சம் கார்பன் மட்டும்; கிலோவுக்குச் சுமார் 3,590 கிலோ கலோரி. கலோரிமீட்டரில் வைத்து அளந்தால் 4,160 போல வருகிறது. அதாவது சூத்திரம் ஏழில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறது. மரத்துக்கும் இதே கதைதான், சுமார் பத்து சதவீதம் குறைவு. ஆக்ஸிஜன் குறைவான நல்ல நிலக்கரிக்கு டூலாங் கணக்கு நன்றாகப் பொருந்தும்; விறகு, காகிதம் போன்றவற்றுக்கு வரவைக் குறைத்துக் காட்டும் பழைய காலத்து ஆடிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். பிளாஸ்டிக்கில் நேர் எதிர். பாலிதீன் பையில் ஆக்ஸிஜனே கிடையாது, கார்பனும் ஹைட்ரஜனும்தான். சுத்தமான பாலிதீன் கிலோவுக்கு 11,000 கிலோ கலோரி தரும். கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்க்குச் சமம். பெட்ரோலியத்தின் பிள்ளைதானே அது.

இதுவரை சொன்னது உலர்ந்த சரக்கின் கணக்கு. இப்போது தண்ணீருக்கு வருவோம். வேலையைக் கெடுப்பது அதுதான்.

முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி. கொதிக்கும் தண்ணீரை ஆவியாக்க இன்னொரு 540. ஆக, வட்டமாக 600. எரிபொருளில் இருக்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீரும் இந்த 600-ஐ முதலில் எடுத்துக்கொண்டு புகைபோக்கி வழியாகப் போய்விடும். போதாக்குறைக்கு, ஹைட்ரஜன் எரிந்தாலும் தண்ணீர்தான் உண்டாகிறது. அதற்கும் இதே பிடித்தம். மாதச் சம்பளத்தில் மொத்தம் ஒன்று, கையில் வருவது ஒன்று என்று நமக்குத் தெரியும். எரிபொருளுக்கும் மொத்த வெப்ப மதிப்பு, நிகர வெப்ப மதிப்பு என்று இரண்டு உண்டு. விற்பவர் மொத்தத்தைச் சொல்வார். அடுப்புக்கு வந்து சேருவது நிகரம்.

நம் ஊர் உதாரணம் நெய்வேலி. அங்கே தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். அதனால் அதன் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 2,500, 2,700 என்ற அளவில் நிற்கிறது. அவ்வளவு தண்ணீரை ரயிலில் ஏற்றித் தூர தேசத்துக்கு அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையத்தைக் கட்டினார்கள். என் வயதுக்காரர்களுக்கு "லெக்கோ" கரி ஞாபகம் இருக்கும். அதே நெய்வேலிக் கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, புகையக்கூடிய சரக்கைச் சூடேற்றி வெளியேற்றிவிட்டு, வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். கும்முட்டியில் போட்டால் புகை வராமல் நின்று எரியும். மண்ணிலிருந்து வந்த கரி அதேதான். தண்ணீரைப் பிரித்ததும் மெட்ராஸ் வரை வந்து விலை போயிற்று.

நிலக்கரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "உள்ளே இருப்பதை வைத்துச் சூட்டை மதிப்பிடுவது" என்பதை இந்த நாடு முப்பது வருடத்துக்கு மேல் பெரிய வியாபாரமாகவே நடத்தியது. 1979-ல் மத்திய அரசு நிலக்கரியைத் தரம் பிரிக்க ஒரு சூத்திரம் வைத்தது. 8,900 என்ற எண்ணில் ஆரம்பி. சாம்பல் சதவீதத்தையும் ஈர சதவீதத்தையும் கூட்டு. கூட்டியதை 138-ஆல் பெருக்கிக் கழி. வருவது "உபயோகமான வெப்ப மதிப்பு". உலர்த்தும் அடுப்பும் தராசும் சாம்பலாக்கும் உலையும் இருந்தால் போதும், கலோரிமீட்டர் வேண்டாம். அந்த எண்ணை வைத்து ஏ முதல் ஜி வரை ஏழு தரம். தரத்துக்கு ஒரு விலை.

சாம்பலும் ஈரமும் சேர்ந்து 34.1 சதவீதம் என்றால் 4,194 வரும். 40 சதவீதம் என்றால் 3,380. இரண்டுமே ஈ தரம். ஏனென்றால் ஈ தரத்தின் எல்லை 3,360-க்கும் 4,200-க்கும் இடையில். கால்வாசி வித்தியாசம் உள்ள இரண்டு சரக்குக்கு ஒரே விலை! நாற்பதைத் தாண்டி நாற்பத்தொன்று ஆனால் தரம் இறங்கி விலை தடாலென்று விழும். இன்கம்டாக்ஸ் ஸ்லாபுக்கு ஒரு ரூபாய் கீழே நிற்கப் பாடுபடும் ஆட்களைப் பார்த்த நமக்கு, இப்படி எல்லைக்கோடு போட்டால் மனிதர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கோட்டுக்குச் சற்று உள்ளே நிற்கும் சரக்கைத் தருபவருக்குத்தான் லாபம்.

இன்னொரு கோளாறும் உண்டு. அந்தச் சூத்திரத்துக்குச் சாம்பலும் தண்ணீரும் ஒன்று. உண்மையில் ஒன்றல்ல. சாம்பல் சும்மா கிடந்து இடத்தை அடைக்கும். அள்ளிக் கொட்டும் செலவு வைக்கும். தண்ணீர் இடத்தையும் அடைத்து, எரிந்த சூட்டிலும் பங்கு கேட்கும். வேலை செய்யாமல் சம்பளம் வாங்குபவருக்கும், சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்து மேஜைக்காரர் வேலையையும் கெடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம். (எங்கள் கிளையில் இரண்டு வகையும் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.)

2012 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த முறை மாறியது. இப்போது மொத்த வெப்ப மதிப்பைக் கலோரிமீட்டரில் அளந்து, 300 கிலோ கலோரிக்கு ஒரு படி என்று பதினேழு தரம். 7,000-க்கு மேலே முதல் தரம். 2,200 வரை இறங்கிப் பதினேழாவது. ஒடிசாவின் தால்ச்சரில் ஏற்றி, பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வந்து, அத்திப்பட்டு மின்நிலையத்தில் எரியும் நிலக்கரிக்கும் இந்தத் தரம்தான். ஏற்றும் இடத்தில் ஓர் எண்ணும் இறக்கும் இடத்தில் வேறோர் எண்ணும் வருகிறது என்ற தகராறு மட்டும் புது முறையிலும் ஓயவில்லை. மூன்றாம் நபர் வந்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, குப்பைக்கு வருவோம். டெல்லியில் திமார்பூர் என்று ஒரு இடம். 1980-களில் டென்மார்க் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில், தினம் 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுக்க ஒரு ஆலை கட்டினார்கள். குப்பை கிலோவுக்கு 1,462 கிலோ கலோரி தரும் என்று வைத்து வடிவமைத்தார்கள். 1987-ல் ஓட்டிப் பார்த்தார்கள். வந்து சேர்ந்த குப்பையில் இருந்தது 600, 700 கிலோ கலோரி. சுமார் மூன்று வாரத்தில் ஆலை நின்றுவிட்டது. இயந்திரத்தில் பழுதில்லை. டெல்லிக் குப்பையில் மண்ணும் சாம்பலும் காய்கறிக் கழிவும் இருந்தன. காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் குப்பை பொறுக்குபவர்கள் வழியிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள். திட்ட அறிக்கையில் இருந்த அந்த ஒரு வரி எண் பொய்த்ததால் மற்ற வரிகள் எல்லாம் விழுந்தன. செங்குன்றத்து முதலாளி அங்கே ஒரு கை அள்ளிப் பார்த்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

உலக வங்கி 1999-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில் இதற்கு எல்லை சொல்லியிருக்கிறார்கள். குப்பையின் நிகர வெப்பம் ஆண்டுச் சராசரியாகக் கிலோவுக்குச் சுமார் 1,670 கிலோ கலோரியாவது இருக்க வேண்டும். எந்தப் பருவத்திலும் 1,430-க்குக் கீழே இறங்கக் கூடாது. சராசரி பேலன்ஸ், மினிமம் பேலன்ஸ் இரண்டையும் கேட்கிறார்கள். இறங்கினால் அபராதம் உண்டு. எண்ணெயோ கரியோ ஊற்றி எரிக்க வேண்டும். நம் நாட்டின் 2016 திடக்கழிவு விதிகளிலும் ஓர் எண் இருந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத குப்பையில் கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியும் அதற்கு மேலும் உள்ளதைக் கிடங்கில் கொட்டக் கூடாது, எரிபொருளாகப் பயன்படுத்த வேண்டும் என்று அவை சொல்லின.

இப்போது பி பிளாக் நண்பருக்குப் பதில். நம் வளாகக் குப்பை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் சமையலறைக் கழிவு 60 கிலோ, காகிதம், அட்டை, துணி 12 கிலோ, பிளாஸ்டிக் 8 கிலோ, பெருக்கிய மண்ணும் தூசியும் 20 கிலோ. இது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட பங்கீடு. உண்மையான பங்கீட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

சமையலறைக் கழிவில் முக்கால்வாசி தண்ணீர். ஒரு கிலோவில் கால் கிலோதான் சரக்கு. உலர்ந்த உணவுக் கழிவு டூலாங் கணக்குப்படி 4,400 தரும். கால் கிலோவுக்கு 1,100. முக்கால் கிலோ தண்ணீரை விரட்ட 450 போயிற்று. ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் தண்ணீருக்கு இன்னொரு 90. மிச்சம் 560. அறுபது கிலோவுக்கு 33,600.

காகிதம் கிலோவுக்கு நிகரமாக 3,500 என்று வைத்தால் 42,000. கலப்பு பிளாஸ்டிக் அழுக்கோடும் ஈரத்தோடும் 8,000 என்று வைத்தால் 64,000. மண்ணுக்குப் பூஜ்யம். கூட்டினால் 1,39,600. நூறு கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 1,396.

பாருங்கள், மினிமம் பேலன்ஸைக்கூடத் தொடவில்லை. எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத பிளாஸ்டிக்தான் சூட்டில் ஏறத்தாழ பாதியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் இருக்கும் சமையலறைக் கழிவு கால் பங்கு தருகிறது.

அடுத்த காட்சி. நம் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரரும், வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரும் விற்கக்கூடிய அட்டையையும் பாட்டிலையும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும், அவர்கள் பிழைப்பு அது, பொருளும் மறுபடி பொருளாகிறது. காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் பாதி போயிற்று என்று வையுங்கள். மீதி 90 கிலோ, 86,600 கிலோ கலோரி. கிலோவுக்கு 962. திமார்பூருக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

நவம்பர் மாதம். பட்டாபிராமில் மழை எப்படிப் பெய்யும், எங்கே நிற்கும் என்று நான் சொல்ல வேண்டாம். மூடியில்லாத தொட்டியில் நம் நூறு கிலோ இருபது லிட்டர் தண்ணீரைக் குடிக்கிறது. 12,000 பிடித்தம், எடையோ 120 கிலோ. கிலோவுக்கு 1,063. சூத்திரத்தை விடுங்கள், சாதாரணமாகவே தெரிகிறது: ஈர விறகில் அடுப்பு மூட்டிய பாட்டிமார் யாரும் இந்தக் குப்பையைக் கொளுத்திக் கரண்ட் எடுக்கலாம் என்று நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது சமையலறைக் கழிவை மட்டும் தனி பக்கெட்டில் எடுத்துவிடுங்கள். மீதி 40 கிலோவில் 1,06,000. கிலோவுக்கு 2,650. நெய்வேலிக் கரியின் அளவு! பழைய பேப்பர்காரர் தன் பங்கை எடுத்த பிறகும் 30 கிலோவில் 53,000, கிலோவுக்கு 1,767, எல்லைக்கு மேலே. மண்ணையும் சேர்க்காமல் விட்டால் மிஞ்சும் பத்து கிலோவில் கிலோவுக்கு 5,300. அது இங்கே வரும் உள்நாட்டு நிலக்கரி பலவற்றையும்விட அதிகம். அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்களே, அது இந்த வகைச் சரக்குதான்.

ஆக, "எப்படியும் எரிக்கத்தானே போகிறார்கள்" என்பது பிரிக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. பிரிக்காவிட்டால் அது எரியாது. எரிக்கும் ஆலை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் இந்த ஓர் இடத்தில் ஒரே பக்கெட்டைத்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்பவர் ஈரக் கழிவு உரமாகட்டும் என்கிறார். வேண்டும் என்பவர் அது என் உலைக்குள் வராமல் இருக்கட்டும் என்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையாகிவிடும். இந்தக் கணக்கு சூட்டை மட்டும் சொல்லும்; புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. பி.வி.சி. குழாய்த் துண்டும், ஒயர் உறையும், ரெக்ஸினும் எரியத்தான் செய்யும். ஆனால் பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். டூலாங் சூத்திரத்தில் குளோரினுக்கு இடமே இல்லை. நம் மூச்சுக்குழலில் உண்டு. பெரிய ஆலையில் அதற்கென்று வடிகட்டும் ஏற்பாடு வைக்க வேண்டும். நம் பின்பக்க மதிலோரம் மார்கழிக் குளிருக்குச் சருகோடு சேர்த்து யாரோ கொளுத்துகிறார்களே, அங்கே அது கிடையாது. கலோரி இருக்கிறது என்பதற்காக எதையும் கொளுத்தலாம் என்று நான் சொன்னதாக யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

சேக்காட்டுக் கிடங்கில் குப்பை மலை வளர்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த மலையில் நம் வளாகத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அதனால் சங்கத்தின் முன் நான் வைக்கும் தீர்மானம் சிறியது. உரத்தொட்டி வாங்குவதா, எத்தனை வாங்குவது என்பதை அடுத்த கூட்டத்துக்கு விடுவோம். அதற்கு முன் ஒரு வாரம் எடை போடுவோம். நான் மேலே சொன்ன 60, 12, 8, 20 என்பது என் கற்பனைப் பங்கீடு. நம் வீட்டு உண்மை வேறாக இருக்கலாம். தொங்கு தராசு ஒன்று போதும். என்னிடமே இருக்கிறது, 50 கிலோ வரை தாங்கும். வரும் திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வருவதற்கு முன் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை சேர்த்து என்று அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்குத்தான் மீன், கறி, விருந்தாளி எல்லாம். பிளாக்குக்கு ஒருவர் வீதம் நான்கு பேர் வேண்டும். பிரித்துத் தருவது வீட்டுக்காரர் வேலை. துப்புரவு செய்யும் பெண்கள் தலையில் அதைக் கட்டக் கூடாது. அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாசலில் பெருக்கிய மண்ணை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனிச் சாக்கில் போட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாம்பார், ரசத்தை வடிகட்டிவிட்டுக் கொட்டுங்கள். பால் கவரைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். டயபர், நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அது இரண்டு பக்கெட்டிலும் சேராது. இளநீர் மட்டையை முழுசாகப் போடாதீர்கள், எடைக் கணக்கையே சாய்த்துவிடும்.

நோட்டு நான் போட்டுவிட்டேன். ஐந்து பத்தி: தேதி, ஈரம், காகிதம், பிளாஸ்டிக், மண். வாட்ச்மேன் அறை மேஜையில் இருக்கும், கூடவே நூல் கட்டிய பேனாவும். பேனாவை எடுத்துப் போக முடியாதபடி கட்டியிருக்கிறேன். முப்பத்தைந்து வருட சர்வீஸ் அது.

ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் பெயர் கொடுத்துவிட்டார். இன்னும் மூன்று பேர் டிபனுக்குப் போவதற்கு முன் பெயர் கொடுங்கள்.